கைப்பிடியை விட்டபின் மூன்று விநாடிகள்

இயந்திரங்களின் வரலாறு என்றதும் நாம் நீராவி எஞ்சினையும் நூற்பாலையையும் நினைக்கிறோம். முற்றத்துப் புல்லை வெட்டும் கருவியை எவரும் நினைப்பதில்லை. எனினும், ஒருவன் கவனம் தவறிக் கையை இழந்தால் பழி அவனுடையதா, இயந்திரத்தைச் செய்தவனுடையதா என்ற வழக்கு 1970களின் அமெரிக்காவில் இக்கருவியை வைத்தே நெடுநாள் நடந்தது.

முதல் புல்வெட்டியை 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரை அடுத்து வாழ்ந்த எட்வின் பட்டிங் உருவாக்கினார். அது துணியாலைகள் நிறைந்த ஊர். கம்பளித் துணியின்மேல் எழும்பி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் உருளையை அங்கே கண்டவர், அதைப் புல்லின்மீது ஓட்டிப் பார்க்கத் துணிந்தார். உருளையின் அலகுகள் கீழேயுள்ள அசையாத தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோல்போல வெட்டின. ஆள் தள்ளினால் அலகு சுழலும்; ஆள் நின்றால் அலகும் நிற்கும். இதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம், ஏனெனில் பின்னாளில் இழந்தது இந்த ஒற்றுமையைத்தான்.

பெட்ரோல் எஞ்சின் வந்ததும் அது குலைந்தது. அதனினும் பெரிய மாற்றம் வெட்டும் முறையில் நேர்ந்தது. 1952இல் சிட்னியில் மெர்வின் ரிச்சர்ட்சன் என்பவர் தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு புல்வெட்டியைக் கட்டினார். பீச் பழம் அடைத்து வந்த தகர டப்பாதான் அதற்குப் பெட்ரோல் தொட்டி. விக்டா என்ற பெயரில் ஆஸ்திரேலிய வீடுதோறும் புகுந்தது அக்கருவி. இவ்வகையில் அலகு, விசிறிபோலக் கிடையாகச் சுழல்கிறது. கத்தரிக்க எதிர்த்தகடு கிடையாது; வேகத்தால் மட்டுமே புல்லை அறைந்து அறுக்கிறது. அலகு நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை தானே விதித்துக்கொண்ட உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர்!

ஈரப்புல் வெளியேறும் வாயில் அடைத்துக்கொள்ளும். ஓட்டுபவர் குனிந்து விரலால் தள்ளிவிடப் பார்ப்பார். அல்லது சரிவில் பின்னோக்கி இழுக்கையில் கால் வழுக்கி அடியில் போகும். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 77,000 பேர் தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளின் அலகு பட்டுக் காயமுற்றனர். அவர்களில் 9,900 பேர் விரலையோ கால்விரலையோ இழந்தவர்கள். இவ்வளவு பேரையும் அசட்டையானவர்கள் என்று தள்ளிவிடுவது நமக்கு ஒப்பவில்லை.

1973இல் உற்பத்தியாளர் சங்கமே ஆணையத்தை அணுகியது. தாங்கள் வகுத்திருந்த தரவிதியையே சட்டமாக்கக் கோரியது. அது போதாதென்று ஆணையம் கருதிற்று. 1979இல் வெளியான விதி வேறு வகையானது: ஓட்டுபவர் கைப்பிடியிலுள்ள நெம்பைப் பற்றியிருக்கும்வரைதான் அலகு சுழல வேண்டும், விட்டால் மூன்று விநாடிக்குள் நிற்க வேண்டும். கை எட்டுமுன் அலகு ஓய்ந்துவிட வேண்டும் என்பதே கணக்கு.

இங்கேதான் மனித இயல்பைப் பற்றிய நுட்பமான விவாதம் எழுகிறது. அலகை நிறுத்துவதற்காக எஞ்சினையும் நிறுத்திவிட்டால், ஒவ்வொரு முறையும் கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். சலித்துப்போன மனிதன் என்ன செய்வான்? நெம்பைக் கம்பியால் கட்டிவைத்துவிடுவான் என்று ஆணையம் அஞ்சியது. ஆகவே எஞ்சின் ஓடும்போதே அலகை மட்டும் நிறுத்தும் பிரேக் வேண்டும், இல்லையேல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி வேண்டும் என்றது. சட்டம் எழுதுவோர் சோம்பலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது அரிய செய்தி. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புல் வெளியேறும் வாய் பற்றிய கால் சோதனையை நீக்கியது. மூன்று விநாடி விதியை நிலைநிறுத்தியது. ஆனால் 1981இல் அமெரிக்க நாடாளுமன்றம் குறுக்கிட்டுக் கயிறு இழுக்கும் மலிவான முறைக்கும் இடமளித்தது. கயிற்றின் பிடி கைப்பிடியின் மேல்முனையிலிருந்து 24 அங்குலத்துக்குள் இருத்தல் அதற்கான வழிகளுள் ஒன்று. அலகின் அருகே நின்று இழுக்கும் பழக்கம் அவ்வாறு ஒழிந்தது. 1982 ஜூன் 30க்குப் பின் செய்யப்பட்டவற்றுக்கு இவ்விதி பொருந்தும்.

அலகின் கதை இவ்வாறு ஒருவாறு முடிந்தாலும், அதை ஓட்டும் பெட்ரோலின் கதை தொடர்ந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, கொட்டகையின் மறுமூலையில் எரியும் வெந்நீர்க் கொதிகலனின் சுடரைத் தொட்டுவிடும். எடுத்துச் செல்வதிலும் எதிர்பாராத இடர் இருந்தது. பிளாஸ்டிக் விரிப்பிட்ட பிக்கப் வண்டியில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பினால், உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றித் தேங்கிப் பொறியாகும். கேனைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்புக என்று 1998இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. குழந்தைகள் திறக்கவியலாத மூடியை 2008ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. சுடர் கேனுக்குள் புகாமல் தடுக்கும் அமைப்பைக் கோரும் சட்டம் வந்ததோ 2020இல்தான். அதுவரை கேனின் பக்கவாட்டில் அச்சிட்ட எச்சரிக்கையைப் படிக்கும் பொறுப்பு வாங்கியவருடையதாகவே இருந்தது.