எல்லைக்கல்லும் முக்கோணக் கணக்கும்

சிலாங்கூர் மாநிலத்து நிலப் பட்டா ஒன்றை விரித்துப் பார்ப்போமாயின், அதன் வரைபடத்தில் ஒவ்வோர் எல்லைக்கோட்டின்மேலும் இரண்டு எண்களைக் காணலாம். ஒன்று கோட்டின் நீளம்; மற்றொன்று வடதிசையிலிருந்து அக்கோடு விலகி நிற்கும் கோணம். கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் காடழித்துப் பால்மரம் நட்ட நம் முன்னோரின் வாழ்விடத்தை வரையறுத்தவை இவ்விரு எண்களே.

ஆயினும், வெவ்வேறு திசையில் சாய்ந்த கோடுகளின் நீளங்களை அப்படியே கூட்டிவிட இயலாது. அவற்றை முதலில் கூறுகளாகப் பிரித்தல் வேண்டும். இதற்கான வழி நம் மொழியிலேயே உள்ளது. ‘தென்மேற்கு’ என்னும் சொல் தெற்கையும் மேற்கையும் தன்னுள் அடக்கியது. தெற்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்பதைச் சொல்வதே முக்கோணவியலின் பணி.

ஒரு சான்று காண்போம். தஞ்சோங் மாலிமை அடுத்துள்ள புக்கிட் ஆசா என்னும் குன்றே சிலாங்கூர் நில அளவையின் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து, 1907இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மெலாவத்தி ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திசையோ தெற்கிலிருந்து மேற்காக 38 பாகை. 48ஐக் கோசைன் 38ஆல் பெருக்கத் தெற்குக் கூறு ஏறத்தாழ 38 கிலோமீட்டர்; சைன் 38ஆல் பெருக்க மேற்குக் கூறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாநிலத்தின் எல்லைக்கற்கள் அக்குன்றிலிருந்து இவ்வாறே இரண்டு தொலைவுகளால் குறிக்கப்பட்டன.

இம்முறையின் வரலாறு நம் மூதாதையர் மண்ணையும் தொடுகிறது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு வித்திட்டார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவிலும் முக்கோண அளவை தொடங்கியது. தமிழ்நாட்டையும் மலாயாவையும் ஆங்கிலேயர் ஒரே கணிதத்தால் அளந்தனர்.

தோட்டத்தின் எல்லையை அளப்போர் ஒரு கல்லில் தொடங்கி, 66 அடி நீளச் சங்கிலியால் கோடு கோடாக அளந்து, அதே கல்லுக்குத் திரும்புவர். அப்போது வடக்குக் கூறுகளின் கூட்டுத்தொகை தெற்குக் கூறுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். கிழக்கும் மேற்கும் அவ்வாறே. மிஞ்சும் சிறு வேறுபாடே அளவைப் பிழை. நிலத்தின் பரப்பைக் கணக்கிடவும் இக்கூறுகளே உதவுகின்றன.

கணக்கு இவ்வாறு நேர்மையாக முடிந்தது. ஆனால், அந்நிலத்தில் உழைத்தவரின் பெயர் பட்டாவில் இடம்பெறவில்லை. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போயின் வீடும் போகும். 1950களில் வெளிநாட்டு உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். ஒரே எல்லைக்குள் வாழ்ந்த மக்களின் நடுவே புதிய எல்லைக்கோடுகள் எழுந்தன. தொழிலாளர் தம் சேமிப்பால் தாமே தோட்டம் வாங்கும்பொருட்டுத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தமை இந்தப் பின்னணியில்தான். கோட்டுக்குள் உழைத்தவர் கோட்டுக்கு உரியவராகவும் வேண்டும் என்பதே அம்முயற்சியின் பொருள்.

இன்று நம் மாணவர் இடைநிலைப்பள்ளியில் இக்கணக்கை மலாய்மொழியில் பயில்கின்றனர். அதனைத் தமிழிலும் எடுத்துரைத்து, தம் ஊர்த் தோட்டத்தின் வரைபடத்தில் பொருத்திக் காட்டுதல் ஆசிரியர் கடன். நிலம் பற்றிய ஓர் ஆவணம் குடும்பத்தின் முன் வைக்கப்படும் நாளில், அதிலுள்ள எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவரேனும் அவ்வீட்டில் இருத்தல் வேண்டும். நம் பாட்டன்மார்க்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிட்டியுள்ளது.