ஆகஸ்ட் 15-ம், ஞாயிறு மதியம் இரண்டு மணியும்

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். காலை பதினோரு மணிக்கு அல்சூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடமிருந்து போன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெங்களூரில் எனக்கு அரிசி, அப்பளம், ஊர்ப்பேச்சு மூன்றும் கிடைப்பது அவர் கடையில்தான்.

"தம்பி, பேங்க் பூரா மூடிட்டானுவளாம்லா? ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணும் அனுப்ப முடியாதாம்லா?"

விஷயம் இதுதான். ஊரில் அவருடைய மச்சானை விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முன்பணம் மூன்று லட்சம் வேண்டும். தங்கச்சி மகன் கணக்குக்கு இவர் அனுப்ப வேண்டும். பெரிய தொகை என்றால் ஆர்டிஜிஎஸ் என்பது அவர் பழக்கம். ஆனால் அவருடைய வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது: நள்ளிரவு முதல் மதியம் இரண்டு மணி வரை ஆர்டிஜிஎஸ் இயங்காது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அதுவும் இங்கிலீஷில். மனுஷன் காலை ஆறு மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, அதே ஆப்புல நெஃப்ட்-னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுல போடுங்க. அது ஓடுது."

அவ்வளவுதான். நெஃப்ட்டில் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பணம் போகும். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் கட்டியாகிவிட்டது. மச்சானும் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் அந்த ஐந்து மணி நேரம் அண்ணாச்சிக்கு யார் திருப்பித் தருவது?

போனை வைத்த பிறகு எனக்கு உறைத்தது. இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, எங்கள் கிளையின் கதவில் ஏறக்குறைய அதே வாசகத்தை டைப் அடித்து ஒட்டியது நான்தான்! ரிசர்வ் வங்கியின் அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது: இந்த நேரத்தில் நெஃப்ட் வழக்கம்போல் இயங்கும் என்று. ஒரு பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் அடங்க வேண்டும் என்று அந்த வரியை நானே விட்டிருந்தேன். அண்ணாச்சிக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

அன்றிலிருந்து இந்த 'மூடல் அறிவிப்பு' என்கிற சமாச்சாரம் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பி.காம் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு மறக்காது. ஜூலை 12-ல் எழுதிய ஒரு மாதத் தவணை உண்டியல், ஆகஸ்ட் 12-ல் முதிரும். சலுகை நாள் மூன்று. ஆக ஆகஸ்ட் 15. அன்று சுதந்திர தினம், வங்கி கிடையாது. அப்படியானால் எப்போது பணம் கட்ட வேண்டும்? ஆகஸ்ட் 16 என்று எழுதினால் மார்க் போச்சு. சரியான விடை ஆகஸ்ட் 14. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 25: முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே கெடு.

பரீட்சைக்காக உருப்போட்ட இந்தக் கணக்குக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. வங்கி மூடியிருக்கும் என்று சொன்னால் மட்டும் போதாது, அன்று கட்ட வேண்டிய பணம் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் சர் ஜான் லுப்பாக் கொண்டுவந்த 1871-ம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டமும் இதே கேள்விக்குப் பதில் சொன்னது. ஆனால் அங்கே பதில் வேறு. வங்கி விடுமுறையன்று முதிரும் உண்டியலுக்கு அடுத்த நாள் கட்டினால் போதும். நம் சட்டத்தில் கெடு முன்னால் வந்தது, அவர்கள் சட்டத்தில் பின்னால் போனது. எப்படியானாலும் கடன்காரனுக்குக் குழப்பம் இல்லை. அறிவிப்பும் அதன் விளைவும் சேர்ந்தே இருந்தன.

கம்ப்யூட்டர் உலகத்துக்கு வருவோம். 1960-களில் ஒரே பெரிய இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை வந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் எல்லோரிடமும் சொல்ல வேண்டுமே! பிற்பாடு பிரபலமான யூனிக்ஸ் இயந்திரங்களில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. நிறுத்தப்போகும் நேரம் நெருங்க நெருங்க, உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் திரையில் அது அடிக்கடி எச்சரிக்கை போடும். கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக யாரையும் உள்ளே விடாது. அழகான ஏற்பாடுதான். ஆனால் அது திரைக்கு முன்னால் இருப்பவனுக்கு மட்டும்தான்.

நம் வங்கிகளில் கணினி வந்தது மெதுவாக. 1984-ல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வழி சொன்னது. முதலில் கிளைக்குக் கிளை தனித்தனி இயந்திரம். ஒரு கிளையில் கணினி படுத்தால் அந்தக் கிளைதான் படுக்கும், பக்கத்துக் கிளைக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிறகு கோர் பேங்கிங் வந்து எல்லாக் கிளைகளையும் ஒரே மைய இயந்திரத்தில் கட்டியது. 2004 மார்ச்சில் ஆர்டிஜிஎஸ், 2005 நவம்பரில் நெஃப்ட். இப்போது எல்லா வங்கிகளுக்கும் சேர்த்துப் பொது மேடைகள்.

ஆனாலும் அந்த நாட்களில் இவற்றைப் பழுதுபார்க்கப் பொதுஜனத்திடம் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை. ஏன்? இரவு இருந்தது, ஞாயிறு இருந்தது, பண்டிகை இருந்தது. நமக்கு விடுமுறை, இயந்திரத்துக்கு ஆயில் சர்வீஸ் :-)

அந்த வசதி போனது 2019 டிசம்பர் 16-ல், நெஃப்ட் 24 மணி நேரமும் ஓட ஆரம்பித்தபோது. 2020 டிசம்பர் 14-ல் ஆர்டிஜிஎஸ்ஸும் சேர்ந்துகொண்டது. மூடவே மூடாத கடைக்கு வெள்ளையடிப்பது எப்போது? நான்கே மாதத்தில் அந்தக் கேள்வி வந்தது. கோளாறு நேர்ந்தால் மீண்டு எழும் நேரத்தைக் குறைக்க ஒரு தொழில்நுட்ப மேம்பாடு. அதற்காகத்தான் அந்த ஏப்ரல் 18, பதினான்கு மணி நேர நிறுத்தம். வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்னது. உறுப்பு வங்கிகளுக்கோ அமைப்பின் வழியாகவே அவ்வப்போது தகவல் போகும் என்றது. பழைய யூனிக்ஸ் வழிதான். ஆனால் அண்ணாச்சி அந்தத் திரைக்கு முன்னால் இல்லை. அவருக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் இருந்தது என்னைப் போன்ற ஒரு ஆபீசரும், கதவில் ஒட்டிய ஒரு தாளும்தான்.

அறிவிப்பு சரியாக இருந்தாலும் பாதிக் கிணறுதான் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு பாடம் உண்டு. 2018 ஏப்ரலில் டிஎஸ்பி வங்கி தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. ஒரு வாரக்கடைசியில் சேவை இருக்காது என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். கெடு முடிந்து கதவைத் திறந்தால், 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு. 'இத்தனை மணிக்குத் திறப்போம்' என்பது தகவல் மட்டும் இல்லை, வாக்குறுதியும்கூட.

அடுத்த மாதமே எனக்குப் பிராயச்சித்தம் செய்ய வாய்ப்பு வந்தது. 2021 மே 23, ஞாயிறு, இந்த முறை நெஃப்ட்டின் முறை. நள்ளிரவு 12.01 முதல் மதியம் இரண்டு வரை. ஆர்டிஜிஎஸ் ஓடும்.

இந்தத் தடவை ஒட்டியது வேறு தாள். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும். எது நிற்கும், எது ஓடும் என்று முதலிலேயே போட்டேன். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ், அதற்குக் குறைவென்றால் ஐஎம்பிஎஸ் அல்லது யுபிஐ. கடைசியாக ஒரு வரி: 'கிளைக்கு நேரில் வர வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், சனிக்கிழமை நான்காவது சனி, விடுமுறை.' முந்தைய வேலை நாள்! பிரிவு 25 கணக்கு, பாளையங்கோட்டையில் படித்தது, இருபது வருஷம் கழித்து பெங்களூர் கதவில்.

'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். இடம் போதவில்லை.

தமிழ்ப் பகுதியைப் படம் பிடித்து அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"இப்பதாம்ல தம்பி புரியுது. இத அன்னைக்கே எழுதியிருந்தா என்ன?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.