வலை ஊர்தலில் ப்ராக்ஸி சர்வரும் கேச் கட்டுப்பாடும்

வலைத்தளங்களைப் பக்கம் பக்கமாகத் திரட்டும் நிரல் கிராலர். அதற்கும் தளத்துக்கும் நடுவே நின்று கோரிக்கையை வாங்கிக் கொடுக்கும் கணினி ப்ராக்ஸி சர்வர். முன்பு வந்த பக்கத்தின் நகலை வைத்திருந்து, அடுத்த முறை தளத்தைத் தொந்தரவு செய்யாமல் அதையே எடுத்துத் தரும் சேமிப்பு கேச். நகல் எத்தனை காலம் செல்லும், எப்போது தளத்திடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், எதை வைத்திருக்கவே கூடாது என்ற விதிகள் கேச் கட்டுப்பாடு எனப்படும்.

தோற்றம்

1993 ஜூனில் எம்.ஐ.டி.யில் மேத்யூ கிரே எழுதிய ‘வாண்டரர்’, வலையை அளக்கப் புறப்பட்ட முதல் கிராலர்களில் ஒன்று. ஒரே பக்கத்தை ஒரு நாளில் பல நூறு முறை கேட்டுச் சர்வர்களைத் திணறடிக்கிறது என்று அதன்மேல் புகார் எழுந்தது. கேச் இல்லாத கிராலரால் விளையும் கேடு அந்த முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. மறு ஆண்டு மார்ட்டின் கோஸ்டர், கிராலர்கள் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று தளமே அறிவிக்கும் ‘ரோபோட்ஸ்’ கோப்பை முன்மொழிந்தார். வெறும் வழக்கமாகவே 28 ஆண்டுகள் ஓடிய இந்த ஏற்பாடு 2022 செப்டம்பரில்தான் ஆர்.எஃப்.சி. 9309 என்ற எழுத்து வடிவத் தரநெறியானது. இந்தக் கோப்பின் நகலையே 24 மணி நேரத்துக்கு மேல் நம்பலாகாது என்று அதில் ஒரு விதி உண்டு.

அதே 1994இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்து சர்வர் மென்பொருளில் ப்ராக்ஸியும் கேச்சும் சேர்ந்தன. ஆரி லூட்டோனென், கெவின் ஆல்டிஸ் இருவரும் அதை விளக்கிக் கட்டுரை எழுதினர். பாதுகாப்புச் சுவருக்குள் அடைபட்ட அலுவலகக் கணினிகளுக்கு வெளியுலகைக் காட்டுவதே ப்ராக்ஸியின் முதல் வேலை. நகல் சேமிப்பு அதற்குத் துணையாக வந்தது. அமெரிக்காவின் ‘ஹார்வெஸ்ட்’ திட்டமோ பக்கங்களைத் திரட்டும் கருவியையும் கேச்சையும் ஒரே குடையின்கீழ் உருவாக்கியது. கிராலருக்கும் கேச்சுக்கும் உள்ள உறவு அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். அந்தக் கேச் நிரலிலிருந்து 1996இல் டுவேன் வெசல்ஸ் முன்னின்று கிளைத்த ‘ஸ்க்விட்’, இணைப்பு வேகம் குறைந்த நாள்களில் இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களுக்கும் வந்து சேர்ந்தது. பிரவுசர் அமைப்பில் 3128 என்ற போர்ட் எண்ணைத் தட்டிய தலைமுறைக்கு அது மறக்காது.

1996 மேயில் வெளியான எச்.டி.டி.பி. 1.0இல் காலாவதித் தேதியும் ‘இந்நாளுக்குப் பின் மாறியிருந்தால் அனுப்பு’ என்ற நிபந்தனைக் கோரிக்கையும் இருந்தன. 1997 ஜனவரியின் 1.1 பதிப்பு ‘கேச்-கண்ட்ரோல்’ தலைப்பையும், பக்கத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் அடையாளம் தரும் ‘ஈ-டேக்’கையும் சேர்த்தது. இவ்விதிகளின் இப்போதைய வடிவம் 2022 ஜூனின் ஆர்.எஃப்.சி. 9111.

வகைகள்

பயனர் பக்கம் நிற்பது முன்னோக்கு ப்ராக்ஸி. தளத்தின் வாசலில் நின்று சுமையைத் தாங்குவது பின்னோக்கு ப்ராக்ஸி. பயனர் அறியாமலே போக்குவரத்தை இடைமறிப்பது மறை ப்ராக்ஸி. கிராலர் உலகில் மேலும் இரண்டு உண்டு. ஒன்று, கோரிக்கைக்குக் கோரிக்கை ஐ.பி. முகவரியை மாற்றும் சுழல் ப்ராக்ஸி. மற்றது, கடந்து செல்லும் ஒவ்வொரு பதிலையும் ஆவணக் கோப்பாகப் பதிவு செய்யும் ப்ராக்ஸி. இன்டர்நெட் ஆர்கைவின் ‘வார்க்ப்ராக்ஸ்’ இவ்வகை. தளம் விதித்த வரம்பை ஏமாற்றவே முதல் வகை பெரும்பாலும் பயன்படுகிறது. முறையான திரட்டலுக்கு அது தேவைப்படுவதில்லை.

கேச் கட்டளைகளில் ‘மேக்ஸ்-ஏஜ்’ நகலின் ஆயுளை விநாடியில் சொல்லும். ‘நோ-கேச்’ வந்தால் நகலை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் தளத்திடம் சரிபார்த்த பிறகே தரவேண்டும். அறவே வைக்கக் கூடாதென்றால் ‘நோ-ஸ்டோர்’. கிராலரும் தன் கோரிக்கையில் ‘நோ-கேச்’ சேர்த்து, நடுவிலுள்ள ப்ராக்ஸியை மூலத்தளம் வரை போகச் செய்யலாம். நிபந்தனைக் கோரிக்கை வரும்போது பக்கம் மாறவில்லையெனில் தளம் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும், உள்ளடக்கம் வராது. நல்ல கிராலரின் பதிவேட்டில் 304 நிறைய இருக்கும்.

தளம் ஆயுள் எதுவும் குறிப்பிடாதபோது கேச் தானே ஊகிக்கும். கடைசியாக மாறியதிலிருந்து கடந்த காலத்தில் 10 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு.

காஞ்சிபுரம், 2019

இந்த ஊகத்தின் அபாயத்துக்குக் காஞ்சிபுரம் நல்ல சான்று. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனம் நடந்தது. ஜூலை 31 வரை சயனக் கோலம், மறுநாள் முதல் நின்ற கோலம். ஒரு நாள் ஆயுளுள்ள நகல் போதும், கோலம் மாறிய நாளில் தவறான செய்தி சொல்ல. நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் அதனோடு போயின. காஞ்சிபுரத்துக்கு எஞ்சியவை காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என ஐந்து வட்டங்கள். 300 நாள்களாகத் தொடப்படாத ஒரு வட்டப் பட்டியலை நவம்பர் 28இல் எடுத்த கேச், மேற்சொன்ன கணக்கின்படி டிசம்பர் 28 வரை பழைய மாவட்டத்தையே புதிதென்று தரும். ஸ்க்விட்டின் இயல்பு அமைப்பு இதற்கு 4,320 நிமிடம், அதாவது 3 நாள், உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாமல்லபுரத்தை இன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வைத்திருக்கும் சுற்றுலாப் பக்கங்களுக்குக் கேச்சைக் குறை சொல்ல முடியாது, அவை திருத்தப்படாதவை. கோயில் கல்வெட்டுப் பட்டியலுக்கு மாதக்கணக்கான ஆயுள் தரலாம்; அன்றாடம் ஏறி இறங்கும் கச்சாப் பட்டு விலைக்குச் சில மணி நேரமே அதிகம்.

இன்றைய நிலை

தளங்கள் எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாறிய பின் நடுவிலுள்ள சாதாரண ப்ராக்ஸிக்குப் பூட்டிய போக்குவரத்து மட்டுமே தெரிவதால், கேச் கிராலருக்குள்ளேயே வந்துவிட்டது. 2008இல் வெளியான கிராலர் மென்பொருளான ‘ஸ்க்ரேப்பி’யில் கேச்சை இயக்கினால், இயல்பாக அமையும் கொள்கை எந்த நகலையும் சரிபார்ப்பதில்லை, சோதனைக்கு மட்டுமே அது ஏற்றது. இந்திய அரசுத் தளங்கள் சில வெளிநாட்டு முகவரிகளை ஏற்பதில்லை. கடல் கடந்து திரட்டுவோருக்கு இந்திய ப்ராக்ஸி தேவைப்படுகிறது. ஏ.ஐ.4பாரத் குழு 2020இல் வலையிலிருந்து திரட்டி வெளியிட்ட தரவில் தமிழ் ஏறத்தாழ 58 கோடிச் சொற்கள். அனுமதியின்றித் தரவைப் பிரித்தெடுத்தல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன்கீழ் இழப்பீட்டுக்கு உரியது.