கைக்குக் கிடைத்த கருவிகள்: எதேச்சையான வாத்தியச் சேர்க்கைக்கு இசையமைத்தலின் வரலாறு

ஐரோப்பியச் செவ்விசையின் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் நிலைபெற்ற வாத்தியக் குழுக்களைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்னும் நால்வர் தந்திக் குழுவும், ஆர்க்கெஸ்ட்ரா என்னும் பெருங்குழுவும், தனிப் பியானோவும் அந்நூல்களின் இயல்பான பிரிவுகளாகிவிடுகின்றன. இவற்றுக்கு வெளியே, திட்டமிட்டு யாரும் தேர்ந்தெடுக்காத கருவிகளுக்கென எழுதப்பட்ட இசையும் தொடர்ந்து இருந்துவந்திருக்கிறது. அதை எதேச்சையான சேர்க்கைக்கான இசை என்று பொதுவாகக் குறிப்பிடலாம் என்றாலும், தேர்வு யார் கையில் இருந்தது என்று கேட்டவுடன் அது ஒன்றல்ல என்பது தெரிகிறது: சில படைப்புகளில் போரும் பணமுடையும் சிறைவாசமும் கருவிகளைத் தேர்ந்தெடுத்தன, சிலவற்றில் காசைச் சுண்டியும் பகடையை உருட்டியும் இசை முடிவாயிற்று, வேறு சிலவற்றில் இசையமைப்பாளர் கருவியின் பெயர் வரவேண்டிய இடத்தை வெற்றாக விட்டு, வாசிப்பவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். கருவி உறுதியில்லாத இடத்தில் இசையின் பாரம் ஒலிவண்ணத்திலிருந்து இறங்கி வேறொன்றின்மீது ஏறுகிறது என்பதும், அந்த வேறொன்று காலந்தோறும் மாறிவந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து. ஒலிவண்ணம் என்பது, குழலும் வயலினும் ஒரே சுரத்தை ஒரே அளவு ஓசையில் எழுப்பினாலும் இது குழல், இது வயலின் என்று காது பிரித்தறியும் தன்மையாகும்.

கருவியைக் குறிப்பிடாமல் எழுதுவது 20ஆம் நூற்றாண்டின் புதுமை என்று கருதப்படுவதுண்டு. உண்மையில் அதுவே பழைய வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் அச்சான இசைப் புத்தகங்கள் பல, குரலாலும் பாடலாம், வயோல் போன்ற கருவிகளாலும் வாசிக்கலாம் என்று முகப்பிலேயே அறிவித்தன. வயோல் என்பது முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைத்து வாசிக்கப்பட்ட தந்திக் கருவிக் குடும்பம். பல மெட்டுகள் ஒரே நேரத்தில் தனித்தனிப் பாதையில் சென்று ஒன்றோடொன்று இசைந்துபோகும் பல்லிழை இசையே அக்காலத்தின் அடிப்படையாக இருந்ததால், ஒவ்வோர் இழையின் சுரமும் கால அளவும் சரியாக இருக்கும்வரை அதை எழுப்பும் கருவி எது என்பது அந்த வீட்டையும் அந்த ஆலயத்தையும் பொறுத்த செய்தியாகவே கருதப்பட்டது. ஜெர்மானிய இசையறிஞர் மிகாயெல் பிரேட்டோரியஸ் 1619இல் வெளிவந்த தம் 'சின்டாக்மா மியூசிக்கம்' நூலின் மூன்றாம் தொகுதியில், ஒவ்வோர் இழைக்கும் இடப்பட்ட ஸ்தாயிக் குறியைப் பார்த்து அதற்கு எந்தக் கருவிகள் பொருந்தும் என்று முடிவுசெய்யும் முறையை விரிவாக விளக்குகிறார். கையிலிருக்கும் கருவிகளைப் பங்கிடுவது அன்று இசைக்குழுத் தலைவருக்குரிய அன்றாடத் தொழிலறிவாக இருந்தது என்பதற்கு அந்நூல் சான்று.

இதன் எதிர்த்திசையில் சென்றவர்களே அன்று புதுமையாளர்கள். ஜியோவன்னி கேப்ரியேலி 1597இல் வெனிஸில் வெளியிட்ட தொகுப்பில் உள்ள 'சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே', எட்டு இழைகளுக்கும் கருவியைப் பெயர் சொல்லிக் குறித்ததோடு, எங்கே மெல்ல, எங்கே உரக்க என்பதையும் எழுதிவைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1599இல், லண்டனில் தாமஸ் மோர்லி வெளியிட்ட கூட்டிசைப் புத்தகம் உச்ச ஸ்தாயி வயோல், குழல், கீழ் ஸ்தாயி வயோல், லூட், சிட்டர்ன், பண்டோரா என்னும் ஆறு கருவிகளைக் கேட்டது. இழைப்பதும் ஊதுவதும் மீட்டுவதுமாகக் குடும்பம் விட்டுக் குடும்பம் கலந்த இச்சேர்க்கை இன்று பார்த்தால் குலுக்கிப் போட்டு எடுத்ததுபோலத் தோன்றினாலும், அது அக்கால இங்கிலாந்தில் நன்கு பழகிப்போன ஒன்று. எதேச்சை என்பது பல வேளைகளில் பின்னாளில் பார்ப்பவரின் கண்ணில்தான் இருக்கிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் அரசவைக் குழுக்களும் பின்னர் நகர இசையரங்குகளும் வாத்தியக் குழுவை நிலைப்படுத்தின. ஒலிவண்ணம் இசையமைப்பாளரின் சொத்தாயிற்று. பகடையால் இசையமைக்கும் விளையாட்டுகள் இதே காலத்தில் பரவின என்பது முரணாகத் தோன்றலாம். யோஹான் கிர்ன்பெர்கரின் பகடைக் கையேடு 1757இல் வெளிவந்தது. மோட்ஸார்ட்டின் பெயரில் அவர் மறைவுக்குப் பின் அச்சான கையேட்டில் 176 தாளக்கட்டங்கள் தரப்பட்டிருந்தன, அவற்றிலிருந்து இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைப்படி பதினாறைப் பொறுக்கி அடுக்கினால் ஒரு நடன இசை கிடைக்கும். ஆனால் இவ்விளையாட்டுகளில் குலுக்கப்பட்டது தாளக்கட்டமே ஒழியக் கருவி அல்ல. நிலைபெற்ற குழு இல்லாத சிற்றூர்களிலும் உணவு விடுதிகளிலும் நாடக அரங்குகளிலும் பழைய வழக்கம் வேறு உருவில் பிழைத்திருந்தது: வராத கருவியின் முக்கியமான சுரங்களைப் பதிப்பாளர்கள் மற்றொரு கருவியின் ஏட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டனர், ஓபோ வாசிப்பவர் இல்லாத மாலையில் கிளாரினெட் அல்லது வயலின் வாசிப்பவர் அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்து ஈடுகட்டினார். வரலாற்றாசிரியர்கள் அதிகம் கவனிக்காத இந்தச் சிறிய எழுத்துகள் தனி ஆய்வுக்கே உரியவை.

சூழ்நிலை தேர்ந்தெடுத்த கருவிகளுக்காகவே ஒரு படைப்பை வடிவமைப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்படையான கலைமுறையாக மாறியது. அர்னால்ட் ஷோன்பெர்க்கின் 'பியெரோ லூனேர்', நடிகை ஆல்பர்டீனே ஸேமே விரும்பியபடி பேச்சுக்குரலுக்கும் பியானோவுக்குமான படைப்பாகத் தொடங்கியது. எழுத எழுத ஷோன்பெர்க் கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். 1912 அக்டோபர் 16 அன்று பெர்லினில் அரங்கேறியபோது ஐந்து கலைஞர்கள் எட்டுக் கருவிகளைக் கையாண்டனர்: குழல் வாசித்தவரே சிறுகுழலையும், கிளாரினெட் வாசித்தவரே கீழ் ஸ்தாயிக் கிளாரினெட்டையும், வயலின் வாசித்தவரே வியோலாவையும் எடுத்துக்கொண்டனர். 21 கவிதைகளிலும் கருவிச் சேர்க்கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஏழாவதில் குரலுக்குத் துணையாக ஒற்றைக் குழல் மட்டுமே நிற்கிறது.

இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'படைவீரனின் கதை' பணமுடையின் குழந்தை. முதல் உலகப் போராலும் ரஷ்யப் புரட்சியாலும் வருமானம் அறுந்து சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்த அவர், எழுத்தாளர் ஷார்ல் ஃபெர்டினாண்ட் ரம்யூவுடன் சேர்ந்து, ஊர் ஊராகக் கொண்டுசெல்லக்கூடிய சிறிய மேடை நிகழ்ச்சி ஒன்றைத் திட்டமிட்டார். பெருங்குழுவுக்கு வழியில்லாத நிலையில் ஒவ்வொரு கருவிக் குடும்பத்திலிருந்தும் மேல் ஸ்தாயிக்கு ஒன்று, கீழ் ஸ்தாயிக்கு ஒன்று என எடுத்தார்: வயலினும் டபுள் பாஸும், கிளாரினெட்டும் பஸ்ஸூனும், கார்னெட்டும் டிராம்போனும், இவற்றோடு தாளக் கருவிகளை வாசிக்க ஒருவர். ஆர்க்கெஸ்ட்ராவின் நடுப்பகுதியை உருவி எடுத்துவிட்டு இரு ஓரங்களை மட்டும் நிறுத்திய இந்த ஏழுபேர் குழுவில் ஒலிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை, தனித்தனியாகத் துருத்தி நிற்கின்றன. அந்தத் துருத்தலையே ஸ்ட்ராவின்ஸ்கி பாணியாக்கிக்கொண்டார். 1918 செப்டம்பர் 28 அன்று லோசானில் எர்னெஸ்ட் அன்செர்மே நடத்த அரங்கேறிய இந்நிகழ்ச்சியின் பயணத் திட்டம், அவ்வாண்டு பரவிய கொள்ளைக் காய்ச்சலால் நின்றுபோனது. செலவை ஏற்ற புரவலர் வெர்னர் ரைன்ஹார்ட் தாமே கிளாரினெட் வாசிப்பவர் என்பதால், அவருக்காக இதே இசையைக் கிளாரினெட், வயலின், பியானோ மூன்றுக்கும் ஸ்ட்ராவின்ஸ்கி 1919இல் சுருக்கித் தந்தார். ஏழு கருவிகளின் உரசலே இப்படைப்பின் உயிர் என்று கொண்டால் இச்சுருக்கம் நிற்கக்கூடாது. நிற்கிறது, காரணம் தாளத்தின் வெட்டுகள் அப்படியே இருக்கின்றன.

கிடைக்கும் கருவிக்கு இசையை வளைத்துக் கொடுப்பதை ஒரு கோட்பாடாகவே எழுதிவைத்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர். 1929இல் எழுதிய கட்டுரையொன்றில், தம் இசை சுரங்களுக்கு இடையிலான இடைவெளிகளால் பேசுவது, ஒலிவண்ணம் அதற்கு இரண்டாம்பட்சம், ஆகவே இழைகளுக்கிடையே ஓசைச் சமநிலை கெடாதவரை எந்தக் கருவியும் எந்த இழையையும் ஏற்கலாம் என்று அவர் வாதிட்டார். நெகிழ்வான கருவியமைப்பு என்று அவர் பெயரிட்ட இம்முறையில் விடுபட்ட இழைகளை ஹார்மோனியமும் பியானோவும் நிரப்பின. பிரேட்டோரியஸுக்குத் தொழிலறிவாக இருந்தது, மூன்று நூற்றாண்டுக்குப் பின் நியாயப்படுத்த வேண்டிய கொள்கையாகிவிட்டது.

சூழ்நிலையின் தேர்வுக்கு மிகக் கூர்மையான சான்று ஒலிவியே மெஸ்ஸியானின் 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை'. 1940இல் ஜெர்மானியப் படையிடம் சிறைப்பட்ட மெஸ்ஸியான், கோர்லிட்ஸ் நகரை அடுத்த ஸ்டாலாக் 8ஏ என்னும் போர்க்கைதிகள் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உடனிருந்த கைதிகளில் மூவர் தேர்ந்த கலைஞர்கள்: கிளாரினெட் வாசித்த ஆன்ரி அகோகா, வயலின் வாசித்த ஜான் லெ புலேர், செல்லோ வாசித்த எத்தியேன் பாஸ்கியே. இம்மூவருக்கான சிறிய இடையிசையில் தொடங்கிய வேலை, பியானோ ஒன்று கிடைத்தபின் எட்டுப் பகுதிகளாக வளர்ந்தது. 1941 ஜனவரி 15 அன்று முகாமிலேயே அது அரங்கேறியபோது பியானோவை மெஸ்ஸியானே வாசித்தார். ஐயாயிரம் பேர் கேட்டார்கள் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதை அரங்கின் அளவு ஏற்கவில்லை, சில நூறு பேருக்குமேல் அங்கே இடமில்லை. செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்ற அவர் கூற்றையும் செல்லோ வாசித்த பாஸ்கியேவே மறுத்திருக்கிறார்.

இக்கதைகளைவிடப் படைப்பின் உள்ளமைப்பு அதிகம் சொல்கிறது. எட்டுப் பகுதிகளில் நான்கு கருவிகளும் இடம்பெறுவது நான்கில் மட்டுமே. மூன்றாம் பகுதி தனிக் கிளாரினெட்டுக்கு உரியது. நான்காவதில் பியானோ இல்லை. ஐந்தாவது செல்லோவுக்கும் பியானோவுக்கும், எட்டாவது வயலினுக்கும் பியானோவுக்கும் உரியவை. பொருந்தாத நான்கு ஒலிகளை ஓயாமல் சேர்த்து ஒலிக்கவைக்காமல், சேர்க்கையைப் பிரித்துப் பிரித்து வழங்கி, ஆறாம் பகுதிக்கு வந்ததும் நான்கையும் ஒரே மெட்டில், இணைச்சுரம் எதுவும் இன்றி ஒன்றாக ஓடவிடுகிறார் மெஸ்ஸியான்; அதுவரை விலகி விலகி நின்ற ஒலிகள் அங்கே உலோகத்தால் ஆன ஒற்றைக் கருவிபோல் கேட்கின்றன. ஐந்தாம் பகுதியின் இசை அவர் 1937இல் ஓந்த் மார்த்தனோ என்னும் மின்னிசைக் கருவி ஆறுக்கு எழுதியது, எட்டாம் பகுதியின் இசை 1930இல் ஆர்கனுக்கு எழுதியது. ஆக, முகாமின் கருவிகளிலிருந்தே இவ்விசை முழுவதும் பிறந்தது என்னும் பரவலான எண்ணம் பாதியளவே சரி. இச்சேர்க்கையும் முன்மாதிரி இல்லாததன்று: வியன்னாவில் வால்டர் ராப்ல் 1896இலும், பால் ஹிண்டமித் 1938இலும் இதே நான்கு கருவிகளைத் தாமாக விரும்பித் தேர்ந்து எழுதியிருக்கின்றனர்.

சூழ்நிலையின் இடத்தில் திட்டமிட்ட தற்செயலை வைத்தவர் அமெரிக்கரான ஜான் கேஜ். 1951இல் பியானோவுக்கு எழுதிய 'மாற்றங்களின் இசை'யில், சீனக் குறிநூலான 'ஈ சிங்' முறைப்படி மூன்று காசுகளை ஆறு முறை சுண்டி, 64 குறிகளுள் கிடைத்ததை முன்பே தயாரித்த அட்டவணைகளோடு பொருத்திச் சுரத்தையும் கால அளவையும் ஓசை அளவையும் முடிவுசெய்தார். இங்கும் குலுக்கலுக்கு உட்படாமல் தப்பியது கருவிதான். அதே ஆண்டு மே 10 அன்று கொலம்பியா பல்கலைக்கழக அரங்கில் ஒலித்த 'கற்பனை நிலக்காட்சி எண் 4', 12 வானொலிப் பெட்டிகளுக்கு எழுதப்பட்டது; பெட்டிக்கு இருவராக 24 பேரில் ஒருவர் அலைவரிசையைத் திருப்ப, மற்றவர் ஓசையைக் கூட்டிக் குறைத்தார். குமிழ்களின் நகர்வு ஏட்டில் துல்லியமாக எழுதப்பட்டிருந்தும், வருவது பேச்சா, பாட்டா, வெறும் இரைச்சலா என்பதை அந்த நேரத்து ஒலிபரப்பே முடிவுசெய்தது. பெயரளவில் கருவி ஒன்று, எழும் ஒலியோ யாருக்கும் தெரியாதது.

1958இல் கேஜ் மேலும் ஒரு படி சென்றார். எத்தனை பேரும் எந்தக் கருவியிலும் வாசிக்கலாம் என்னும் அறிவிப்போடு வந்த 'வேரியேஷன்ஸ் 1', சதுரமான ஆறு ஒளிபுகும் தாள்களால் ஆனது. ஒரு தாளில் நான்கு அளவுகளில் 27 புள்ளிகள். மற்ற ஐந்தில் தாளுக்கு ஐந்து கோடுகள். புள்ளித் தாளின்மேல் கோட்டுத் தாளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஐந்து கோடுகளுக்கும் செங்குத்துத் தூரத்தை அளந்தால், அந்த ஒலியின் சுரநிலை, ஒலிவண்ணம், ஓசை அளவு, நீளம், அது எழவேண்டிய நேரம் ஆகியவை கிடைக்கும். சிறிய புள்ளி ஓர் ஒலியையும், பெரிய புள்ளி பல ஒலிகளையும் குறிக்கும். கவனிக்க வேண்டியது, ஒலிவண்ணம் இங்கே கருவியின் பெயராக இல்லாமல் அளந்தறியும் தூரமாக மாறிவிட்டது என்பதே. கேஜின் இவ்விரு நிலைகளும் அடிக்கடி குழப்பப்படுகின்றன: தற்செயல்முறை இசையமைக்கும் மேசையில் நடப்பது, முடிந்தபின் ஏடு மாறாது, தீர்மானமின்மை மேடையில் நடப்பது, அங்கே ஏடே ஒவ்வொரு முறையும் புதிதாகிறது. கருவிச் சேர்க்கை உண்மையில் திறந்துவிடப்பட்டது இரண்டாவதில்தான்.

திறந்த ஏட்டை மெட்டிசைக்கு மீட்டுக் கொண்டுவந்தவர் டெரி ரைலி. 1964 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கேறிய 'இன் சி'யில் 53 குறுஞ்சொற்றொடர்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு கலைஞரும் ஒன்றை விரும்பிய அளவு திரும்பத் திரும்ப வாசித்து அடுத்ததற்குச் செல்கிறார், குழு முழுவதும் தாளம் பிசகாதிருக்கப் பியானோவின் உச்ச ஸ்தாயியில் ஒரே சுரம் இடைவிடாமல் தட்டப்படுகிறது. அந்தத் தட்டலைப் பரிந்துரைத்தவர் அரங்கேற்றத்தில் வாசித்த ஸ்டீவ் ரைஷ். சீன மரபுக் கருவிகளைக் கொண்டு ஷாங்காய் திரைப்பட இசைக்குழு இதை ஒலிப்பதிவு செய்தபோதும் இது 'இன் சி' என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. டச்சுக்காரர் லூயி ஆண்ட்ரியசன் 1975இல் எழுதிய 'தொழிலாளர் சங்கம்' இதன் மறுதலை: உரக்க ஒலிக்கும் எந்தக் குழுவுக்கும் உரிய அப்படைப்பில் தாளம் அணுவளவும் பிசகாமல் எழுதப்பட்டிருக்க, சுரமோ ஒற்றைக் கோட்டுக்கு மேலே, கீழே என்ற அளவில் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது. கிரெய்ஞ்சர் பாரத்தை இடைவெளியின்மேல் ஏற்றினார். ஆண்ட்ரியசன் அதையும் இறக்கிவிட்டுத் தாளத்தின்மேல் மட்டும் ஏற்றினார்.

எதேச்சையாகப் பிறந்த சேர்க்கைகள் சில இதற்கிடையே நிலைபெற்ற குழுக்களாகிவிட்டன. ஹாரிசன் பர்ட்விசிலும் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸும் 1967இல் லண்டனில் தொடங்கிய குழு, ஷோன்பெர்க்கின் படைப்பையே பெயராகக் கொண்டு பியெரோ பிளேயர்ஸ் என வழங்கியது. அதன் ஐவரோடு தாளக் கருவி வாசிப்பவர் ஒருவரும் சேர்ந்த அறுவர் அமைப்பு அதன்பின் பல நாடுகளின் புத்திசைக் குழுக்களுக்கு வழக்கமாயிற்று. மெஸ்ஸியானின் நால்வரிசையை வாசிப்பதற்கென்றே 1973இல் அமெரிக்காவில் தாஷி குழு உருவானது. அந்த நால்வரோடு பெருங்குழுவையும் இணைத்து ஜப்பானின் டோரு டகெமிட்சு 1975இல் 'குவாட்ரெய்ன்' எழுதினார். போர்க்கைதிகள் முகாமில் வேறு வழியின்றிச் சேர்ந்த கருவிகளை டகெமிட்சு கையில் எடுத்தபோது, அவை ஏற்கெனவே ஒரு மரபைப் பெற்றிருந்தன.