காசு கொடுத்துக் கழற்றிய கியர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். அடுத்த தடவை காரில் போகும்போது, எத்தனை முறை கிளட்ச்சை மிதித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு நெரிசல், ஸ்கூல் விடுகிற நேரம், குறுக்கே பாயும் ஆட்டோ, பால்கோவா கடை வாசலில் நிற்கிற வெளியூர் வண்டிகள்... ஊர் போய்ச் சேர்வதற்குள் இடது கால் கெஞ்சிவிடும். 'பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாம்' என்று அலுத்துக்கொள்வீர்கள்.

ஆனால், நம் நாட்டில் இதற்கு நேர்மாறான காலம் ஒன்று இருந்தது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தவர்கள், கைக்காசைச் செலவழித்து அந்த கியர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாதா கியரை மாட்டிக்கொண்டார்கள். பைத்தியமா? இல்லை சார், அத்தனையும் கணக்கு!

1939-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரா-மேட்டிக்' பெட்டியை அறிவித்தது. ஓல்ட்ஸ்மொபைலின் 1940 மாடலுக்கு 57 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் போதும், கிளட்ச் பெடலே கிடையாது. எண்ணெய் அழுத்தமே கியரை மாற்றிவிடும். இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளுக்குள்ளும் அது போனது. போர் முடிந்ததும் ப்யூக், செவர்லே, கிறைஸ்லர் என்று ஆளுக்கொரு ஆட்டோமேட்டிக்கோடு வந்துவிட்டார்கள்.

இங்கே கதை வேறு. 1953-ல் நம் அரசு கறாராகச் சொல்லிவிட்டது. பாகங்களை இந்தியாவிலேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கிறவர்கள் மட்டும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பூட்டி விற்கிறவர்கள் நடையைக் கட்டலாம். 1928 முதல் பம்பாயில் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பியது, ஃபோர்டும் கிளம்பியது. அதன்பிறகு அமெரிக்க 'படகு கார்' வேண்டுமென்றால், தூதரக அதிகாரிகள் ஓட்டிவிட்டு விட்டுப்போகிற வண்டிகளுக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் அவற்றை விற்கும். வசதி உள்ளவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள்.

வாங்கியாச்சு. ரிப்பேர் வந்தால்?

ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்தால் எறும்புப் புற்று மாதிரி எண்ணெய் போகிற வழிகள், வால்வுகள், ரப்பர் சீல்கள். ஒரே ஒரு சீல் போனாலும் அழுத்தம் இறங்கி வண்டி நகராது. அந்த சீலை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும். பேட்டரி இறங்கினால் நம்ம ஊர் வழக்கப்படி நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? சில பழைய பெட்டிகளில் பின்பக்கமும் ஒரு பம்ப் இருந்ததால் முடிந்தது. பின்னால் வந்தவற்றில் அதுவும் போச்சு. சரி, கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்றால், என்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் சுற்றாது. பின்சக்கரம் தரையில் உருள ரொம்ப தூரம் இழுத்தால் பெட்டி கருகிவிடும்.

இந்த நிலையில்தான் 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை எகிறியது. படகு காரை நிறுத்திவைத்தாலும் தேய்மானம், ஓட்டினாலும் நஷ்டம். (பி.காம். படித்தவனுக்கு இந்த வலி நன்றாகப் புரியும்!) வழி ஒன்றுதான், டீசல் என்ஜின். சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1950-களிலிருந்தே பெர்கின்ஸ் டீசல் என்ஜின் தயாரித்துவந்தது. என்ஜினை மாற்றினால் கியர் பெட்டியையும் மாற்ற வேண்டியதுதான். போல்ட் துளைகளே பொருந்தாது. தவிர, சில ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தை வைத்துத்தான் எப்போது கியர் மாற்றுவது என்று முடிவு செய்யும். டீசல் என்ஜினில் அந்த உறிஞ்சல் கிடையாது. பெட்டி குழம்பிப்போகும்.

வேலை லேசுப்பட்டதல்ல. டார்க் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு கனமான ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் பொருத்த வேண்டும். என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு கடைந்து போட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டியோ நீட்டியோ பற்றவைத்து, ஆட்டம் இல்லாமல் சரிபார்க்க வேண்டும். இல்லாத கிளட்ச் பெடலுக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல லேத் பட்டறை இல்லாமல் முடியாது. 1936-லேயே ராஜபாளையம் மில்ஸ் வந்துவிட்ட ஊருக்கு லேத் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு லாபமும் இருந்தது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புகிற டிரைவரைப் பெரியவர்கள் திட்டுவார்கள். 'கியர்ல இறக்குப்பா!' இரண்டாவது கியரில் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆண்டாள் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும், முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை.

என்னைக் கேட்டால், கழற்றியவர்கள் செய்தது சரிதான். ஓடாத அசல் பெட்டியைவிட ஓடுகிற மாற்றுப் பெட்டி மேல். ஒரே வருத்தம், கழற்றியதெல்லாம் எடைக்குப் போய்விட்டது. பழைய கார்களை அசலாக மீட்க நினைக்கிறவர்கள் இன்று அதே பெட்டிக்காகக் கடல் தாண்டித் தேடுகிறார்கள்.

2014-ல் மாருதி செலரியோவில் 'ஏ.எம்.டி.' வந்ததே, கவனித்தீர்களா? உள்ளே இருப்பது சாதா கியர் பெட்டிதான். கிளட்ச்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு சின்ன எந்திரம், அவ்வளவே. நம் பட்டறைகளுக்குப் பரிச்சயமான பெட்டி என்பதால் எனக்கு அதன்மீது கொஞ்சம் பாசம் உண்டு.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்களா? பெட்டி போய்விட்டது, சரிசெய்யக் கேட்கிற தொகை கார் விலையைத் தொடுகிறதா? 'மேனுவல் போட்டுடலாம் சார்' என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். இப்போதைய கார்களில் கியர் பெட்டியிலிருந்து தகவல் வராவிட்டால் என்ஜின் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரியுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கப்புறம் ஸ்பேனரை எடுக்கச் சொல்லலாம்.