தண்ணீரில் நிற்கும் பெண்

மன்னார்குடிக்குப் போனால் ராஜகோபாலனைச் சேவித்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். ஹரித்ரா நதியையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். பெயர்தான் நதி. நேரில் பார்த்தால் தெப்பக்குளம்! ஒன்றிரண்டு அல்ல, சுமார் 23 ஏக்கர். நடுவே குட்டியாக ஒரு கோயில்.

ஹரித்ரா என்றால் மஞ்சள். கண்ணனோடு கோபியர் தண்ணீரில் இறங்கி விளையாடினார்களாம். அவர்கள் பூசியிருந்த மஞ்சள் கரைந்து தண்ணீரே மஞ்சளாகிவிட்டதாம். தலபுராணம் இப்படிச் சொல்கிறது. ஆக, இந்தக் குளத்துக்குப் பெயர் வந்ததே பெண்களின் நீர் விளையாட்டால்தான்!

சரி, இன்றைக்கு ஒரு சின்னப் பெண் குளத்துப் பக்கம் ஓடினால் வீட்டிலிருந்து என்ன குரல் வரும்? ‘ஏய், தண்ணிக்கிட்ட போனே... காலை ஒடிச்சிடுவேன்!’

கோபம் இல்லை, பயம். பெற்ற வயிற்றின் பயம். அதே பயத்தோடு இருந்த இன்னொரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவின் மயாமி. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய நர்ஸ் அவர். தனி ஆளாக ஐந்து பிள்ளைகளை வளர்க்கிறார். வீட்டின் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். தான் டியூட்டிக்குப் போயிருக்கும்போது ஏதாவது ஒரு வாண்டு உள்ளே விழுந்துவிட்டால்? அவர் ‘போகாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டார். அதில் ஒருத்தி 1994-ல் பிறந்த ஆஷ்லி ஜான்சன்.

இதில் என்ன பெரிய சேதி என்கிறீர்களா? அந்த ஊரின் பழைய கதை தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள். ஆஷ்லி ஒரு கறுப்பினப் பெண். மயாமியில் வெள்ளையர் குளிக்கும் கடற்கரையில் கறுப்பர்கள் கால் நனைக்கக்கூட முடியாத காலம் ஒன்று இருந்தது. 1945 மே மாதம் சில கறுப்பர்கள் ‘கைது செய்தால் செய்யட்டும்’ என்று ஹாலோவர் கடற்கரையில் துணிந்து இறங்கினார்கள். அதன் பிறகுதான், அந்த ஆகஸ்டில், வர்ஜீனியா கீ என்ற தீவில் அவர்களுக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கப்பட்டது. கவனியுங்கள், தனி!

1964-ல் அதே புளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் ஊரில், ஓர் ஓட்டலின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து குதித்துப் போராடினார்கள். ஓட்டல் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? தண்ணீரில் ஆசிட்டை ஊற்றினார்! அந்தப் புகைப்படம் உலகத்தையே உலுக்கியது. 1927-ல் மகாத் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தது உங்களுக்கு நினைவு வந்தால், தப்பில்லை. தண்ணீருக்கு ஜாதியும் நிறமும் பார்ப்பதில் மனிதர்கள் எங்கேயும் ஒன்றுதான்.

தாத்தாவை இறங்க விடவில்லை. அதனால் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. பிறகு பேரனுக்கு யார் சொல்லித்தருவது? ஆஷ்லி நீந்தக் கற்றது அப்படிப்பட்ட ஒரு தேசத்தில்.

நீச்சலில் ஆரம்பித்தவள் வாட்டர் போலோவுக்கு வந்தாள். நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாத ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். கோல் வாய் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம். ஆழமோ ஆளை முழுக்க முக்கிவிடும். தரையில் கால் ஊன்ற முடியாது. பிறகு கோல் கீப்பர் எப்படி நிற்கிறாள்? கால்கள்தான் ரகசியம்! ஒரு கால் வலப்பக்கமாகச் சுழலும், இன்னொன்று இடப்பக்கமாகச் சுழலும். மோர் கடையும் மத்து மாதிரி ஓயாத சுழற்சி. பந்து வரும்போது இடுப்பு வரை மேலே எழும்ப வேண்டும், இரண்டு கைகளையும் விரித்து. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அந்தக் கைகள் மட்டும்தான் தெரியும்.

இந்த ஆட்டத்துக்குள்ளும் ஒரு வாசல் அடைத்திருந்தது. ஆண்கள் 1900-லேயே ஒலிம்பிக்கில் வாட்டர் போலோ ஆடிவிட்டார்கள். பெண்களுக்கு எப்போது அனுமதி கிடைத்தது? 2000, சிட்னி. ஒரு நூற்றாண்டு காத்திருப்பு! முதல் தங்கம் ஆஸ்திரேலியாவுக்கு. இறுதியாட்டம் முடிய ஒன்றரை நொடிகூட இல்லாதபோது விழுந்த கோலில், 4-3 என்று தோற்றது அமெரிக்கா.

2016-ல் ரியோவுக்குப் போன அமெரிக்கப் பெண்கள் அணியில் கோல் கீப்பர், ஆஷ்லி. அந்த அணியில் ஒலிம்பிக் போன முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அந்தத் தொடரில் 51 பந்துகளைத் தடுத்தார். இறுதியாட்டத்தில் இத்தாலி 12-5 என்று காலி. தங்கம்! 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 80 தடுப்புகள், மறுபடியும் தங்கம். 2024 பாரீஸில் நான்காவது இடம். இதற்கிடையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலும் படித்து முடித்தார்.

மன்னார்குடிக்கே திரும்புவோம். ஆறும் வாய்க்காலும் குளமும் சூழ்ந்த பூமி இது. ஆனால் நீந்தத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். 2022 ஜூனில் கடலூர் பக்கம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் மாயனூர் காவிரியில் நான்கு பள்ளிச் சிறுமிகள். அவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கால்பந்து ஆட வந்தவர்கள். ஓடத் தெரிந்த, பந்தை உதைக்கத் தெரிந்த பிள்ளைகள். மைதானத்தில் யாருக்கும் சளைக்காத கால்களுக்குத் தண்ணீரில் நிற்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

மயாமி அம்மா முதலில் நினைத்தது பிள்ளைகளின் உயிரை. மெடல் பிறகு தானாக வந்தது. நம் பெண்ணுக்கு மெடல்கூட வேண்டாம். இந்தக் கோடை விடுமுறையில் ‘தண்ணிக்கிட்ட போகாதே’ என்று சொல்வதற்குப் பதில், ‘வா, நான் கூட வர்றேன், கத்துக்கோ’ என்று சொல்லிப்பாருங்களேன்!