பாதாளத்தில் பிறந்த ரயில்

சென்னை மெட்ரோவில் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். அந்த ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதென்ன கணக்கு? 1,400 என்றோ 1,500 என்றோ முழுசாக வைத்திருக்கக் கூடாதா? எந்த இன்ஜினீயர் உட்கார்ந்து யோசித்து இந்த அளவைக் கண்டுபிடித்தார்?

யாரும் யோசிக்கவில்லை! இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டி ஓடிய பாதையின் அகலம் அது. பிற்பாடு ஒரு அரை அங்குலம் கூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்று உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட ரயில்கள் அந்தக் கரி வண்டி அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ரயில் என்றதும் நமக்கு ஸ்டேஷன், டிக்கெட், ஜன்னல் ஓர சீட்டு என்றுதான் ஞாபகம் வரும். ஆனால், தண்டவாளம் என்கிற சமாச்சாரம் மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகப் பிறந்ததே இல்லை. கல் சுமக்கப் பிறந்தது. அதுவும் வெளிச்சமே இல்லாத இடத்தில்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுரங்கத்தில் பாறையை உடைப்பது பாதி வேலைதான். உடைத்ததை வெளியே கொண்டுவர வேண்டுமே? கூடையில் அள்ளி, முதுகில் ஏற்றி, குனிந்தபடியே நடக்க வேண்டும். தரையெல்லாம் சேறு, கூர்கூரான கற்கள். சக்கரம் வைத்த வண்டி என்றால் பத்தடி போவதற்குள் புதைந்துவிடும். அப்போது யாரோ ஒரு புண்ணியவான், சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டு பலகைகளைப் போட்டான். தள்ளினான். போயிற்று! அந்த இரண்டு பலகைகள்தான் தண்டவாளத்தின் கொள்ளுத் தாத்தா.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஒரு டாக்டர். பெயர் ஜார்ஜ் அக்ரிகோலா. ஜெர்மனிக்கும் பொஹீமியாவுக்கும் இடைப்பட்ட சுரங்க ஊர்களில் வைத்தியம் பார்த்தவர். நோயாளிகள் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளிகள். ‘இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?’ என்று பார்க்க ஆரம்பித்தவர், சுரங்கத் தொழிலைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதிவிட்டார். அச்சாகி வந்தது 1556-ல். பாவம், அதற்கு முந்தைய வருடமே அவர் இறந்துபோனார். (லத்தீனில் இருந்த அந்தப் புத்தகத்தை 1912-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு சுரங்க இன்ஜினீயரும் அவருடைய மனைவியும். அந்த இன்ஜினீயர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர்!)

அக்ரிகோலா ஒரு வண்டியை வர்ணிக்கிறார். மரப்பெட்டி. நான்கு சிறிய சக்கரங்கள். அடியில் ஓர் இரும்பு முளை. அந்த முளை இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஓடும். அதனால் வண்டி பாதையை விட்டு விலகாது. ஓடும்போது அது போடும் சத்தம் நாய் குரைப்பது போல இருந்ததாம். ஆகவே வண்டிக்கு ‘நாய்’ என்றே பெயர். ஜெர்மன் மொழியில் சுரங்க வண்டியை இன்றும் ‘ஹுண்ட்’ என்கிறார்கள்.

அந்த நாய்தான் அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. 1604 வாக்கில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் நிலக்கரி கொண்டுபோக மரத் தண்டவாளம் போட்டார்கள். மரம் சீக்கிரம் தேய்ந்தது. 1767-ல் கோல்புரூக்டேல் ஆலையில் மரத்தின் மேல் வார்ப்பிரும்பைப் பொருத்தினார்கள். ஒரு குதிரை முன்பைவிட அதிகச் சரக்கை இழுத்தது. முதலாளிகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சரி, முதுகில் சுமந்தவனுக்கு விடுதலை கிடைத்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தண்டவாளத்தின் மேல் வைத்த வண்டியைத் தள்ளப் பெரிய பலம் வேண்டாம். பெரிய பலம் வேண்டாம் என்றால் பெரிய ஆளும் வேண்டாம். பெரிய ஆள் வேண்டாம் என்றால் பெரிய கூலியும் வேண்டாம்! ஆக, குழந்தைகளைக் கூப்பிட்டார்கள். குள்ளமான சுரங்கப் பாதையில் நுழைய அவர்கள்தான் தோது. இடுப்பில் தோல் பெல்ட். அதிலிருந்து கால்களுக்கு இடையே போகும் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கரி வண்டி. நாலு காலில் தவழ்ந்தபடி இழுக்க வேண்டும். அதற்கும் முடியாத ஐந்து, ஆறு வயதுப் பொடிசுகளுக்கு வேறு வேலை. கதவுப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி வரும் சத்தம் கேட்டால் கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான்.

1838-ல் யார்க்ஷயரில் ஹஸ்கர் என்ற சுரங்கத்தில் மழை வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் செத்துப்போனார்கள். நாடே அதிர்ந்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1842-ல் அறிக்கை வந்தது, படங்களுடன். சங்கிலி கட்டி வண்டி இழுக்கும் பெண்ணின் படத்தைப் பார்த்து லண்டன் கனவான்கள் வெலவெலத்துப் போனார்கள். அதே வருடம் சட்டம் வந்தது: பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது. குழந்தைகள் விட்ட இடத்தில் மட்டக் குதிரைகளைக் கட்டினார்கள். அவற்றில் பல, சூரியனையே பார்க்காமல் வருடக்கணக்கில் உள்ளேயே வாழ்ந்தன.

இதற்கிடையில் மேலே இன்னொரு கதை. கார்ன்வால் என்ற சுரங்க மாவட்டத்துக்காரர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். 1804-ல் வேல்ஸில் ஓர் இரும்பாலையின் வண்டிப் பாதையில் நீராவி இன்ஜினை ஓட்டினார். 10 டன் இரும்பையும், வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்ட 70 பேரையும் சேர்த்து இழுத்தது. இன்ஜின் ஜெயித்தது, கனம் தாங்காமல் தண்டவாளம் உடைந்தது! பத்து வருடம் கழித்து ஜார்ஜ் ஸ்டீபன்சன் கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் தன் இன்ஜினை ஓட்டினார். பிறகு ஊருக்கு ஊர் ரயில் பாதை போடும்போது, கையில் இருந்த அந்தச் சுரங்க அளவையே வைத்துக்கொண்டார். அதுதான் நம் 1,435 மில்லிமீட்டர்.

ட்ரெவிதிக்கின் கார்ன்வால் என்றேன் இல்லையா? அந்த ஊர் சுரங்கக்காரர்கள் பிழைப்புத் தேடி உலகம் பூராவும் போனார்கள். அதில் ஓர் இடம் நமக்கு ரொம்பப் பக்கம். கோலார் தங்கவயல்!

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால்வைத்தது. மேஸ்திரி வேலைக்குக் கார்ன்வால்காரர்கள். அடியில் இறங்கிப் பாறை உடைக்கவும் வண்டி தள்ளவும்? வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். ஊரில் நிலமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. பூமிக்கு அடியில் கூலியாவது கிடைக்கும் என்று போனார்கள்.

அங்கே வேலை இப்படித்தான். துளை போட்டு வெடி வைப்பார்கள். உடைந்த பாறை சரிவு வழியாகக் கீழே வந்து, தண்டவாளத்தில் நிற்கும் வண்டியில் விழும். அதைத் தள்ளிக்கொண்டு போய் மேலே தூக்கும் ஷாஃப்ட்டில் சேர்க்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல்! சில சமயம் அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்துச் சிதறும். அப்படிச் செத்தவர்கள் ஏராளம். தப்பியவர்களில் பலருக்கு நெஞ்சில் தூசி.

சுமார் 120 வருடத்தில் அங்கே எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். அதற்காக வெட்டி வெளியே கொண்டுவந்த பாறை 5 கோடி டன்னுக்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 16 கிராம், அதாவது இரண்டு சவரன். ஆரம்பத்தில் அதைவிட அதிகம், கடைசியில் வெறும் சில கிராம். அந்த 5 கோடி டன்னில் பெரும்பகுதி அந்தக் குட்டி வண்டிகளில் ஏறி, யாரோ ஒருவரின் கையாலும் தோளாலும் நகர்ந்ததுதான். உங்கள் வீட்டுப் பாட்டியின் சங்கிலியிலும் அதில் ஒரு குந்துமணி இருக்கலாம், யார் கண்டது?

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. பம்புகள் நின்றன. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப் பாதைகள் மூழ்கிப் போயின.

சுரங்கம் மூடும்போது மோட்டார், ஒயர் மாதிரி விலை போகும் சாமான்களை முதலில் எடுத்துவிடுவார்கள். தண்டவாளத்தையும் வண்டியையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. கழற்றி மேலே கொண்டுவரும் கூலி, பழைய இரும்பு விலையைவிட அதிகம். அப்படியே விட்டுவிடுவார்கள். உலகம் முழுக்கக் கைவிட்ட சுரங்கங்களில் இதுதான் காட்சி. ஆழத்தில் தேங்கிய தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதும் இல்லை. காய்ந்த சுரங்கங்களில் ஒரு ஆபத்து உண்டு. ‘தண்டவாளம்தான் இருக்கிறதே, வழி பத்திரம்’ என்று நம்பி உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே கட்டை உளுத்து, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். காற்றிலும் பிராணவாயு இருக்காது. தயவுசெய்து அந்த விளையாட்டு வேண்டாம்.

தங்கவயலில் மேலே கொட்டிய மண் மலைகளுக்கு மவுசு வந்திருக்கிறது. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் தந்தது. மண்ணுக்குக்கூட மறுவாழ்வு உண்டு. மனிதர்களுக்கு?

அவர்களுக்கு மிஞ்சியது ஒரு ரயில். தங்கவயலுக்கென்று 1890-களில் போட்ட பாதை அது. மாரிக்குப்பத்திலிருந்து தினமும் விடிவதற்குள் கிளம்புகிற ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கடை, கம்பெனி, கட்டடம், செக்யூரிட்டி... கிடைத்த வேலை. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார்கள்.

தாத்தா அடியில் தண்டவாளத்தின் மேல் வண்டியைத் தள்ளினார். பேரன் மேலே தண்டவாளத்தின் மேல் நின்றபடி போகிறான். சுரங்கம் உலகத்துக்கே ரயிலைக் கொடுத்தது. சுரங்கத்தை நம்பிப் போனவர்களுக்கும் கடைசியில் அதை மட்டும்தான் கொடுத்திருக்கிறது.